பிம்மும் பீமும்

அக்கா திருச்சியில் குழந்தை மருத்துவர். என் பெரியம்மா மகள். வாடகைக் கட்டடத்தில் பத்து வருடம் ஓட்டிவிட்டு, போன வருடம் சொந்தமாகக் கட்ட ஆரம்பித்தார். கீழே கிளினிக், மேலே இரண்டு தளம் வீடு. அஸ்திவாரம் முடிந்து தரைத்தளத் தூண்கள் எழும்பும் நேரத்தில் எனக்குப் போன் வந்தது. "நீதான் கம்ப்யூட்டர்லயே கட்டடம் கட்டறவனாச்சே. இதையும் கொஞ்சம் பார்த்துக் குடேன்டா."

எனக்கும் ஆசைதான். 2016-லிருந்து சென்னையில் பிம் (BIM, Building Information Modelling) மாடல் செய்வதுதான் என் பிழைப்பு. பிரிட்டன் அரசு தன் மத்தியத் துறைக் கட்டுமானங்களுக்கு பிம் கட்டாயம் என்று கொண்டுவந்த வருடம் அது. அந்த ஊர் ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் ஏசி டக்ட், தண்ணீர்க் குழாய், கேபிள் ட்ரே எல்லாவற்றையும் இங்கே உட்கார்ந்து முப்பரிமாணத்தில் பொருத்தி, எது எதில் முட்டுகிறது என்று பார்த்து அனுப்புவோம். அவற்றில் ஒரு கட்டடத்தைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. மாடலில் நான் வைத்த குழாய் ஒன்றையும் கையால் தொட்டதில்லை.

பிம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஆட்டோகேட் வரைபடத்தில் பீம் என்பது இரண்டு இணைகோடு. பிம் மாடலில் அது பீமாகவே இருக்கும்: அகலம், ஆழம், எந்தத் தளம், என்ன கிரேடு கான்கிரீட் என்று தன்னைப் பற்றிய விவரங்களையும் வைத்துக்கொண்டிருக்கும். பிளான், வெட்டுத்தோற்றம், அளவுக் கணக்கு எல்லாம் அந்த ஒரே மாடலிலிருந்து வரும்.

சைட்டில் இதை மேஸ்திரியிடம் விளக்கப் போனேன். "பிம்னு ஒண்ணு பண்றேன் மேஸ்திரி" என்றதும் அவர் சிரித்துவிட்டார். "பீம்தானே தம்பி? அதை நாங்க முப்பது வருஷமா போட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்."

அலுவலகத்தில் ரெவிட் என்ற பிம் மென்பொருள் உண்டு. அதன் சந்தா ஒரு வீட்டுக் கட்டுமானத்துக்குக் கட்டுப்படியாகாது. அலுவலக லைசென்ஸில் சொந்த வேலை பார்ப்பதும் சரியில்லை. அதனால் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளின் மேல் ஓடும் போன்சாய் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொண்டேன். முன்பு அதற்குப் பெயர் பிளெண்டர்பிம். 2024-இல் பெயர் மாறியது. அது நேரடியாக ஐஎஃப்சி கோப்பிலேயே எழுதும். ஐஎஃப்சி யாருக்கும் சொந்தமில்லாத திறந்த வடிவம், ஐஎஸ்ஓ 16739 என்ற தரநிலை. நோட்பேடில் திறந்தால் வரிவரியாகப் படிக்கலாம். ஒரு வரி ஒரு பீம், அடுத்த வரி ஒரு தூண். பத்து வருடம் கழித்து அக்கா யாரிடம் கொடுத்தாலும் திறக்க முடியவேண்டும் என்பதும் ஒரு காரணம்.

மூன்று பேர், இரண்டு ஸ்கேல்

கையில் இருந்தவை ஆர்க்கிடெக்ட் பிளானும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் வரைபடமும். ஆர்க்கிடெக்ட் வரைந்தது அடி அங்குலத்தில், ஸ்ட்ரக்சுரல் சார் வரைந்தது மில்லிமீட்டரில். பிளம்பிங்குக்கு வரைபடம் கிடையாது. அது பிளம்பர் தலைக்குள் இருந்தது.

முதல் ஞாயிறு இரண்டு வரைபடங்களையும் மேலே மேலே வைத்துத் தூண், பீம், சுவர் எழுப்பினேன். பிளானில் எல்லாம் பொருந்தியது. வெட்டுத்தோற்றம் எடுத்தால் முதல் தள மட்டம் இருவருக்கும் 50 மி.மீ. வித்தியாசப்பட்டது. டைல்ஸும் அதன் கீழ்க் கலவையும் சேர்ந்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். ஒருவர் டைல்ஸ் மேலிருந்தும் மற்றவர் கான்கிரீட் மேலிருந்தும் அளந்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிற பிழை அது.

அடுத்த ஞாயிறு மேல் தளங்களை எழுப்பும்போதுதான் உறைத்தது. இரண்டாம் தளத்தில் வித்தியாசம் 100, மொட்டைமாடியில் 150. டைல்ஸ் கனம் என்றால் எல்லாத் தளத்திலும் அதே 50-தானே இருக்கவேண்டும்? ஏறிக்கொண்டே போகிறது என்றால் தள உயரமே வேறு. ஆர்க்கிடெக்ட் பத்தரை அடி என்று போட்டிருந்தார். அது 3200.4 மி.மீ. ஸ்ட்ரக்சுரல் சார் அதை 3150 என்று எழுதியிருந்தார். எங்கோ ஒரு போன் பேச்சில் யாரோ தோராயமாகச் சொன்னது வரைபடத்தில் ஏறிவிட்டது.

தளத்துக்கு 50.4 என்றால் மூன்று தளத்துக்கு 151 மி.மீ. ஏறக்குறைய ஒரு முழுப் படி. இருவர் வரைபடத்திலும் தளத்துக்கு 21 படிதான். ஒருவர் கணக்கில் படி 6 அங்குலம், மற்றவர் கணக்கில் 150. இப்படியே கட்டியிருந்தால் ஒவ்வொரு தளத்திலும் கடைசிப் படி மட்டும் இரண்டு அங்குலம் குட்டையாக நின்றிருக்கும். கால் தடுக்குகிற படி அப்படித்தான் உருவாகிறது. குழந்தைகள் ஏறி இறங்கப்போகும் கட்டடம் வேறு. இருவரையும் ஒரே போனில் பிடித்து 3150 என்று முடிவு செய்தோம்.

இதற்கு மாடலே தேவையில்லை, கால்குலேட்டர் போதும் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் இரண்டு பேர் காகிதத்தையும் ஒரே இடத்தில் வைக்கச் சொல்லி வேறெதுவும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

நடுங்கிய சுவர்

நான் மட்டும் மாட்டிக்கொண்ட ஒரு சிக்கலையும் எழுதி வைக்கிறேன், யாருக்காவது இரண்டு நாள் மிச்சமாகும்.

சர்வேயர் கொடுத்த எல்லை வரைபடம் யுடிஎம் ஆயங்களில் இருந்தது. அதாவது வடக்கு அளவு பூமத்திய ரேகையிலிருந்து மீட்டரில். திருச்சிக்கு அது 11 லட்சத்து 90 ஆயிரத்துச் சொச்சம். அந்தக் கோப்பை அப்படியே இறக்கி அதன் மேல் மாடல் செய்ய ஆரம்பித்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் சுவர்கள் நடுங்கின. மூலைகள் சேரவில்லை. 9 அங்குலச் சுவர் ஒரு இடத்தில் 25 செ.மீ., இன்னொரு இடத்தில் 12.5 செ.மீ. என்று காட்டியது. கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகப்பட்டு டிரைவரை மாற்றினேன். மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன். ஒன்றும் ஆகவில்லை.

அந்த 12.5-தான் துப்பு. பிளெண்டர் புள்ளிகளின் இடத்தை 32 பிட் எண்ணாக வைக்கிறது. பத்தரை லட்சத்தைத் தாண்டிய எண்களில் அந்த முறையால் அடுத்தடுத்து எழுதக்கூடிய இரண்டு மதிப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி எட்டில் ஒரு பங்கு. மீட்டரில் வேலை செய்தால் 12.5 செ.மீ. அதற்கு நடுவில் உள்ள எந்த அளவையும் அதனால் வைத்துக்கொள்ளவே முடியாது. அருகில் உள்ள படிக்கு இழுத்துக்கொண்டு போய்விடும்.

தெருப்பக்கம் இடது மூலைத் தூணை பூஜ்யம் பூஜ்யம் என்று வைத்து மாடலை அங்கே கொண்டுவந்தேன். உண்மையான ஆயங்களை ஐஎஃப்சி கோப்பில் அதற்கென்றே உள்ள இடத்தில் தனியாக எழுதி வைத்தேன். நடுக்கம் நின்றது. அலுவலகத்தில் இதையெல்லாம் வேறொருவர் முன்கூட்டியே செய்து கொடுத்துவிடுவார். எட்டு வருடத்தில் நான் ஒருமுறைகூட ஏன் என்று கேட்டதில்லை.

642 மோதல்கள்

மூன்றாவது ஞாயிறு பிளம்பரை உட்காரவைத்து, அவர் மனதில் இருந்த குழாய்ப் பாதையை அவர் சொல்லச் சொல்ல மாடலில் இழுத்தேன். எலெக்ட்ரிக்கலைத் தொடவில்லை. தளத்துக்குள் போகும் 25 மி.மீ. கண்டூயிட்டை (வயர் போகும் குழாய்) மாடலில் துல்லியமாக வைப்பது வீண் வேலை; கம்பி கட்டும் நேரத்தில் எலெக்ட்ரீஷியன் தன் வசதிக்கு வளைத்துக்கொள்வார். கம்பியையும் முழுதாக மாடல் செய்யவில்லை. எல்லாவற்றையும் மாடல் செய்தால்தான் பிம் என்று நினைப்பவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்பவர்கள். நான் ஞாயிற்றுக்கிழமையில் செய்கிறேன்.

குழாய்களை ஒரு பக்கமும் கட்டடத்தை ஒரு பக்கமும், கட்டடத்துக்குள்ளேயே சுவர்களையும் பீம்களையும் எதிரெதிராகவும் வைத்து மோதல் சோதனையை ஓட்டியதில் 642 வந்தது. புதிதாகச் செய்பவர்கள் இங்கேதான் பயந்து மூடிவிடுவார்கள். பிரித்துப் பார்த்தால் 388 சுவரும் பீமும் மோதுவது. சுவர்களைத் தள மேல்மட்டம் வரை இழுத்துவிட்டிருந்தேன். உண்மையில் அவை பீம் அடியோடு நிற்கும். 140 சுவரும் தூணும், அதே மாதிரி என் சோம்பேறித்தனம். 97 சுவருக்குள் புதைக்கப்போகும் தண்ணீர்க் குழாய், அது மோதத்தான் வேண்டும். மிச்சம் 17.

சுவர் உயரத்தைத் திருத்தியதில் ஓர் உபரி லாபமும் கிடைத்தது. செங்கல் கணக்கு சட்டென்று இறங்கியது. ஒப்பந்தக்காரர் கொடுத்த எஸ்டிமேட்டிலும் சுவர் தளம் வரை போயிருந்தது! அவரும் நானும் ஒரே தப்பைச் செய்திருந்தோம்.

அந்தப் பதினேழில் பன்னிரண்டு, குழாயைக் கொஞ்சம் நகர்த்தினால் தீர்ந்துவிடுகிறவை. மற்ற ஐந்தும் பீமில் முட்டியவை. அதில் ஒன்றுதான் என்னை நான்கு நாள் தூங்கவிடவில்லை.

கன்சல்டிங் அறைக்கு மேலே

முதல் தளத்தில் மேற்குப் பக்கம் ஒரு படுக்கையறை டாய்லெட். வெளியே குழாய் தெரியக்கூடாது என்பதற்காக ஆர்க்கிடெக்ட் எல்லாக் கழிவையும் பின்பக்கத்து ஒரே டக்டுக்கு, அதாவது குழாய்கள் இறங்கும் செங்குத்து இடைவெளிக்கு, கொண்டுபோகச் சொல்லியிருந்தார். தூரம் 5.6 மீட்டர். 110 மி.மீ. கழிவுக் குழாய்க்கு நாங்கள் எடுத்துக்கொண்ட வாட்டம் நாற்பதுக்கு ஒன்று. அப்படியானால் கடைசியில் குழாய் 140 மி.மீ. இறங்கியிருக்கும்.

டாய்லெட்டின் சங்கன் ஸ்லாப், அதாவது குழாய்க்காகத் தாழ்த்திப் போடும் தளம், முக்கால் அடி, 225 மி.மீ. தாழ்வு. ஸ்லாப் கனம் 125. ஆக அதன் அடிப்பாகம் தள மேல்மட்டத்திலிருந்து 350 கீழே. அதற்கும் கீழே பெண்டில் (வளைவுத் துண்டு) திரும்பிக் குழாய் தொங்கும்போது அதன் மையம் 455-இல் ஆரம்பிக்கிறது. நான்கு மீட்டர் போனதும் குறுக்கே 600 ஆழ மெயின் பீம். அதற்குள் குழாய் 100 இறங்கி மையம் 555-க்கு வந்திருக்கும். குழாயின் அடி 610. அதாவது பீமின் கீழ்க் கம்பிகள் ஓடும் இடத்தில் சரியாகக் குறுக்கே. பீமில் ஓட்டை விடுவதற்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. பாரத்தை இழுத்துப் பிடிப்பதே அந்தக் கம்பிதான்.

பீமுக்குக் கீழே இறக்கிக் கொண்டுபோகலாமா? போகலாம். கடைசியில் குழாயின் அடி தரை டைல்ஸிலிருந்து 2330 உயரத்தில் நிற்கும். ஃபால்ஸ் சீலிங் அதற்கும் கீழே. ஆர்க்கிடெக்ட் கேட்டிருந்தது 2600.

நான் இதையெல்லாம் எண்களாக அக்காவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு வேறொன்றைக் கேட்டார். "இந்தக் குழாய் எந்த ரூமுக்கு மேலடா போகுது?"

திருப்பிக் காட்டினேன். கன்சல்டிங் அறை. அவர் மேசைக்கும், குழந்தையைப் படுக்கவைத்துப் பார்க்கும் கட்டிலுக்கும் நேர் மேலே.

"நான் ஊசி போடற இடத்துக்கு மேல கக்கூஸ் குழாயா? என்னைக்காவது ஒழுகினா?"

இந்தக் கேள்வி எந்த மோதல் பட்டியலிலும் இல்லை. சீலிங்கை இறக்கலாமா, பீமை மாற்றலாமா என்ற என் யோசனைகள் எல்லாம் அதோடு முடிந்தன. குழாய் அந்த வழியே போகக்கூடாது, அவ்வளவுதான்.

டாய்லெட்டின் ஒரு சுவர் ஏற்கெனவே மேற்கு வெளிச்சுவர்தான். கக்கூஸ் கோப்பையை அந்தச் சுவரோரம் திருப்பி வைத்து, குழாயை நேராக வெளியே விட்டால் வழியில் இருப்பது ஒரே ஒரு பீம்: 230 அகலம், 450 ஆழமுள்ள ஓர பீம். பக்கத்தில் சந்து என்பதால் தெருவுக்குத் தெரியாது. ஆர்க்கிடெக்ட் முகம் சுளித்தார், ஆனால் அக்கா கேட்ட கேள்வியை அவரிடமும் கேட்டதும் ஒத்துக்கொண்டார்.

ஸ்ட்ரக்சுரல் சார் நிபந்தனை சொன்னார். ஓட்டை பீம் ஆழத்தின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கவேண்டும். தூண் முகத்திலிருந்து குறைந்தது இரண்டு பீம் ஆழம், 900 மி.மீ., தள்ளி இருக்கவேண்டும். இரண்டு பக்கமும் கூடுதல் கம்பி ரிங் போடவேண்டும். "நடு மூணுல ஒண்ணுக்கு வெளிய போச்சுன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

450-க்கு நடுப்பங்கு என்றால் மேலிருந்து 150 முதல் 300 வரை. 225 சங்கனில் அதன் தரையை ஒட்டிப் படுக்கும் குழாய் 90-இலிருந்து 200 வரை வருகிறது. பாதிக் குழாய் தடைசெய்யப்பட்ட மேல்பகுதியில். சங்கனை ஓர் அடியாக, 300 ஆக்கினால்? நீர்க்காப்புப் பூச்சுக்கு 25 விட்டுக் குழாயின் அடி 275, உச்சி 165, மையம் 220. குழாய்க்கு வழிவிட அதைச் சுற்றிக் கான்கிரீட்டில் பதிக்கும் ஸ்லீவ் 140 மி.மீ. பிவிசி, அது 150-இலிருந்து 290 வரை. மாடலில் அந்த வெட்டுத்தோற்றத்தை எடுத்து, மேலே சரியாக 150-இல் தொட்டு, கீழே 10 மிச்சம் என்று பார்த்தபோது ஒரு நிம்மதி. சங்கன் ஸ்லாபின் அடி 425-க்கு வருகிறது, பீமின் 450-க்குள்ளேயே அடங்கிவிட்டது. கூடுதலாக 75 மி.மீ. நிரப்புக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பாரம். சார் கணக்குப் போட்டுப் பார்த்து, கம்பியை ஓர் இடத்தில் மாற்றிச் சரி என்றார்.

ஆகாசத்திலிருந்து அளப்பது

முதல் தள ரூஃபுக்கு, அதாவது கிளினிக்குக் கூரையாகவும் முதல் தளத்துக்குத் தரையாகவும் வரும் ஸ்லாபுக்கு, மொத்தம் ஒன்பது ஸ்லீவ். டாய்லெட், சமையலறைக் கழிவுக்கு ஆறு, ஏசி தண்ணீருக்கு மூன்று. எல்லாவற்றையும் எண் போட்டு ஏ3 தாளில் நான்கு பக்கம் அச்செடுத்துக்கொண்டு, சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்றுவதற்கான பலகை) அடித்து முடித்த அன்று பெருமையாகப் போய் நின்றேன்.

மேஸ்திரி தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "இந்த 220 எதுலேருந்து?"

"ஸ்லாப் மேல்மட்டத்திலிருந்து கீழே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பலகையும் கம்பியும்தான் இருந்தன. "தம்பி, மேல இன்னும் ஆகாசம்தான் இருக்கு. எதுலேருந்து எறக்கி அளக்கறது?"

எட்டு வருடம் மாடல் செய்தவனுக்கு அதற்குப் பதில் இல்லை. மாடலில் ஸ்லாப் இருக்கிறது. சைட்டில் அது நாளை மறுநாள்தான் வரும். நான் அளவு போட்டிருந்த எதுவுமே அங்கே அப்போது இல்லை: ஸ்லாப் மேல்மட்டம் இல்லை, கிரிட் கோடு இல்லை, சுவர் முகம் இல்லை. இருந்தவை இரண்டுதான். பீமின் அடிப்பலகை, ஏற்கெனவே ஊற்றி நின்ற தூணின் முகம்.

சென்ட்ரிங் மேலேயே உட்கார்ந்து எல்லா அளவுகளையும் மாற்றி எழுதினேன். 450-இல் 220 போனால் அடிப்பலகையிலிருந்து 230. "ஒம்பது இஞ்சு" என்றார் மேஸ்திரி உடனே. தூண் முகத்திலிருந்து 1050, அதாவது மூன்றடி ஐந்தேகால் அங்குலம். அவர் டேப்பை எடுத்துப் பலகையில் சாக்பீஸால் கீறிக்கொண்டே போனார். நான்கு பக்கத் தாளை அதற்கப்புறம் யாரும் திறக்கவில்லை. எனக்குத் தேவைப்பட்டது ஒன்பது வரி உள்ள ஒரு துண்டுச் சீட்டு: ஸ்லீவ் எண், எந்தத் தூண் முகத்திலிருந்து, அடிப்பலகையிலிருந்து எவ்வளவு, குழாய் சைஸ்.

ரூஃப் போட்ட மறுநாள் பீமின் பக்கப் பலகைகளைக் கழற்றியதும் டேப்போடு சுற்றினேன். ஒன்பதில் ஆறு சரி. அந்தப் பெரிய 140 ஸ்லீவ் 232-இல் இருந்தது; இரண்டு மி.மீ. பிழை. கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

மிச்சம் மூன்றின் கதை. ஒன்றின் வாயை வெறும் பேப்பர் வைத்து அடைத்திருந்தார்கள், சிமெண்ட் பால் உள்ளே இறங்கிக் கெட்டியாகிவிட்டது. உளியால் அரை நாள் தட்டி எடுத்தோம். இன்னொன்று, ஏசி ஸ்லீவ், வைக்கவே மறந்துவிட்டார்கள். பீமில் டிரில் போடக்கூடாது என்பதால் சுவர் கட்டும்போது பீமுக்குக் கீழே ஒரு துளை விட்டுக்கொள்வதாக முடிவு. யோசித்தால் ஏசி தண்ணீர்க் குழாய் மூன்றையும் பீம் வழியே விடவேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை. மாடலில் நேர்கோடாக அழகாக இருக்கட்டும் என்று நான்தான் இழுத்திருந்தேன்.

மூன்றாவது, தரை நீர் போகும் 75 மி.மீ. குழாய்க்கான 110 ஸ்லீவ். 35 மி.மீ. மேலே ஏறியிருந்தது. அளந்து வைத்ததில் தப்பில்லை, சாக்பீஸ் கோடு பலகையில் சரியான இடத்திலேயே இருந்தது. ஊற்றும்போது மிதந்துவிட்டது! ஈரக் கான்கிரீட் கன மீட்டருக்கு 2400 கிலோ. இரண்டு முனையும் அடைத்த வெற்றுக் குழாய் அதற்குள் காற்றடைத்த பந்து மாதிரி. 230 நீளமுள்ள அந்தத் துண்டை மேலே தள்ளிய விசை சுமார் 5 கிலோ. அதைக் கட்டுக்கம்பியால் மேலிருந்து தொங்கவிட்டுக் கட்டியிருந்தார்கள், கீழே விழாமல். மேலே போகாமல் இருக்க ஒன்றுமில்லை. 140 ஸ்லீவை இன்னும் அதிகமாக, எட்டரை கிலோவுக்குத் தள்ளியிருக்கும். ஆனால் அதன் இரு முனையிலும் மரக்கட்டை வைத்துப் பலகையோடு ஆணி அடித்திருந்ததால் தப்பித்தது.

இந்த 35 சின்ன விஷயம் இல்லை. அந்தக் குழாயின் நீளம் 1.8 மீட்டர், நாற்பதுக்கு ஒன்று வாட்டத்தில் மொத்த இறக்கமே 45. அதில் 35 போனால் மிச்சம் 10. தண்ணீர் நகராது, தேங்கும். ஸ்லீவின் உள்விட்டம் 104, குழாய் 75. நடுவில் போகவேண்டிய குழாயை ஸ்லீவின் அடியிலேயே படுக்கவைத்தால் 14 திரும்பக் கிடைக்கிறது. மிச்சம் 21-ஐ டிராப்பை (தரை நீர் இறங்கும் வாய்) உயர்த்தி வைத்துச் சரிக்கட்டினோம். சங்கனை 300 ஆக்கியிருந்ததால் அதற்கு இடம் இருந்தது.

கணக்கில் ஒரு தகராறு

கான்கிரீட் ஆர்டர் பற்றி. ஒப்பந்தக்காரர் கணக்கில் அந்த ரூஃபுக்கு 30.9 கன மீட்டர். என் மாடலும் முதலில் அதையே சொன்னது. இருவரும் ஒத்துப்போகிறோம் என்று விட்டிருப்பேன். ஏதோ உறுத்தி ஒரு பீமை மட்டும் தனியாகக் கணக்கிட்டுப் பார்த்தேன். பீமின் 450 ஆழத்தில் மேல் 125 ஸ்லாபுக்குள்தான் இருக்கிறது. அதை ஸ்லாபிலும் எண்ணி, பீமிலும் எண்ணியிருக்கிறோம். 112 மீட்டர் பீமுக்கு இப்படி இரட்டிப்பானது 3.2 கன மீட்டர், ரெடிமிக்ஸ் லாரியில் பாதி. பீம் வரும் இடங்களில் ஸ்லாபை வெட்டியதும் 27.7 வந்தது. சேதாரம் சேர்த்து 28.5 ஆர்டர் செய்தோம், 28 போனது. மென்பொருள் கணக்கிட்டது என்பதாலேயே நம்பிவிடுகிற பழக்கம் எனக்கு அன்றோடு விட்டது.

பூச்சு வேலையில் நேர்மாறாக நடந்தது. தரைத்தளமும் முதல் தளமும் முடித்து ஒப்பந்தக்காரர் கொடுத்த பில் என் மாடலைவிட 41 சதுர மீட்டர் சொச்சம் கூடுதல். அக்கா கோபமாக இருந்தார். நானும் பிடித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒப்பந்தத்தில் அளவு ஐஎஸ் 1200-படி, அதாவது கட்டட வேலைகளை அளக்கும் இந்தியத் தரநிலைப்படி, என்று இருந்தது. அதன் பூச்சுப் பகுதியில் அரை சதுர மீட்டருக்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரையுள்ள திறப்புகளுக்கு ஒரு முகத்தில் மட்டும்தான் பரப்பைக் கழிக்கவேண்டும். மறுமுகத்தை விட்டுவிடுவது கதவு நிலையோரப் பூச்சுக்கு ஈடாக. 0.9 மீட்டருக்கு 2.1 மீட்டர் கதவு 1.89 சதுர மீட்டர். அப்படி 22 கதவு. பெருக்கினால் 41.6. மாடல் இரண்டு முகத்திலும் கழித்திருந்தது. சுவரில் உண்மையிலேயே இருக்கிற பூச்சு மாடல் சொன்னதற்குக் கிட்டே. பணம் கொடுக்கவேண்டிய பூச்சு பில்லில் இருந்ததுதான். ஒப்பந்தக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

மாடலில் இப்போது ஊற்றிய தளத்துக்கு அளந்த அளவுகளைத்தான் வைத்திருக்கிறேன்: ஏறிப்போன ஸ்லீவ் ஏறிய இடத்திலேயே இருக்கிறது, வைக்க மறந்தது அழிக்கப்பட்டுவிட்டது. இரண்டாம் தள ரூஃபுக்கு ஏசி ஸ்லீவ்களை எடுத்துவிட்டேன், ஆறு வரிச் சீட்டுதான். ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழும் நான்கு இடத்தில் கட்டு என்று கடைசியில் எழுதினேன்.

அந்த ரூஃப் போட்ட வாரம் என்னால் போக முடியவில்லை. முந்தின நாள் மாலை மேஸ்திரி வாட்ஸாப்பில் ஆறு போட்டோ அனுப்பினார், ஒவ்வொன்றிலும் ஸ்லீவை ஒட்டி டேப் பிடித்திருந்தது. கூடவே ஒரு குரல் பதிவு. "தம்பி, எல்லாம் ஒம்பது இஞ்சு வெச்சாச்சு. நாலாம் நம்பர் பக்கத்துத் தூணு மட்டும் அரை இஞ்சு உள்ள வந்திருக்கு. நான் தூணுலேருந்து அளக்கல, கோப்பை வர்ற எடத்துக்குத் தோது பண்ணி வெச்சிருக்கேன். உன் கம்ப்யூட்டர்லயும் அதைச் சொல்லிடு."

அன்று இரவே அந்தத் தூணை 13 மி.மீ. உள்ளே நகர்த்தினேன்.